போர்த்தோவில் மூன்று நாள்: மேட்டிலிருந்து ஆற்றுக்கு

முதன்முறை போர்த்துக்கலின் போர்த்தோ நகருக்குப் போனபோது ஆற்றங்கரையோடு ஒட்டினாற்போல ஓர் அறை எடுத்திருந்தேன். கைபேசி வரைபடத்தில் பார்த்தால் ரயில் நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. "இதுக்குப் போய் டாக்சியா? நடந்தே போவம்" என்று மனைவியிடம் வீரமாகச் சொன்னேன். வழியில் பாதி கருங்கல் படிக்கட்டு. சக்கரம் பூட்டிய பெட்டிக்குப் படிக்கட்டில் வேலை இல்லை. போகும்போது பெட்டி எங்களை இழுத்தது, திரும்பும்போது நாங்கள் பெட்டியை இழுத்தோம். எந்தப் பயணத்துக்கு வெளிக்கிட்டாலும் வீட்டில் இன்றும் அந்தக் கதை வரும்.

பிறகு இரண்டு தடவை போய்விட்டேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: போர்த்தோவில் தூரம் பார்த்துத் திட்டம் போடாதீர்கள், உயரம் பார்த்துப் போடுங்கள். ஸ்பெயினில் பிறந்து ஏறக்குறைய 900 கிலோமீட்டர் ஓடிவரும் டோரோ ஆறு, அத்திலாந்திக் கடலில் விழுவதற்குச் சற்று முன்பு கருங்கல் மலைகளை அறுத்துக்கொண்டு போகிறது. அந்த அறுப்பின் வடக்குச் சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பது போர்த்தோ. எதிர்க்கரையில், வைன் கிடங்குகளோடு இருப்பது காயா, சட்டப்படி வேறு நகரம். நாட்டுக்குப் போர்த்துக்கல் என்ற பெயரே இந்த ஆற்றுமுகத்தில் இருந்த 'போர்த்துஸ் காலே' என்ற பழைய துறையின் பெயரிலிருந்து வந்தது. காலையில் மேட்டில் தொடங்கி, மதியம் ஆற்றில் இறங்கி, மாலையில் ஏறாமலேயே மேட்டுக்குத் திரும்ப ஒரு வழி உண்டு. அதைச் சொல்வதற்கு முன் கிளம்புகிற வேலைகளை முடித்துவிடுவோம்.

எப்போது, எத்தனை நாள்

மூன்று இரவு போதும். இரண்டு என்றால் ஓட்டமாக இருக்கும். மூன்றாம் நாள் விருப்பமானால் ஆற்றின் மேல்பக்கம் போகலாம்.

மே, ஜூன், செப்டெம்பர் நல்லவை. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை மழை பெய்தால் விடாமல் பெய்யும், அத்திலாந்திக் காற்றில் குடை நிற்காது. அப்போது அறைகள் மலிவு என்பது உண்மைதான். ஆனால் நனைந்த கருங்கல்லில் சரிவு இறங்குவது வேறு விஷயம்.

ஜூன் 23 இரவு சாவோ ஜோவாவோ, அதாவது அருளப்பர் திருவிழா. நகரம் முழுக்கத் தெருவில் நிற்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் முன்பின் தெரியாதவர் தலையில் செல்லமாகத் தட்டுவார்கள். நீங்களும் திருப்பித் தட்டலாம், தட்டாவிட்டால்தான் தப்பு. மூலைக்கு மூலை சாளை மீன் சுடுவார்கள், நள்ளிரவில் ஆற்றின்மேல் வாணவேடிக்கை. சிறு தொட்டியில் ஒரு செடியை, ஒரு நாலுவரிக் கவிதையைச் செருகி விற்பார்கள். பெயர் மஞ்செரிக்கு. எங்கள் திருநீற்றுப்பச்சைக்குச் சொந்தம், இலை மட்டும் மிகச் சிறிது. அதை நேரே மூக்கால் முகரக்கூடாதாம், செடி வாடிவிடும் என்பார்கள். உள்ளங்கையால் தடவிக் கையை முகர வேண்டும். அந்த இரவுக்குப் போக விரும்பினால் பல மாதம் முன்பே அறை பிடியுங்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தையே தவிர்த்துவிடுவது நல்லது.

தாள் வேலை

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரித்தானியாவில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் கடவுச்சீட்டு இலங்கையுடையது என்றால் விசா எடுத்தே ஆகவேண்டும். இதில் ஏமாந்து பயணச்சீட்டுக் காசைத் தொலைத்தவர்கள் என் சுற்றத்திலேயே உண்டு. ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் போன்ற ஷெங்கன் நாட்டு வதிவிட அட்டை இருந்தால் 180 நாளுக்குள் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் போய்வரலாம், அட்டையும் கடவுச்சீட்டும் கையில் இருந்தால் சரி.

விசா கேட்பவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். ஆனால் கடைசி நாளை நம்பாதீர்கள், கோடையில் நேர்முகத்துக்கு இடம் கிடைப்பதே பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி, போய்வரும் சீட்டு, தங்குமிடப் பதிவு, வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் கேட்பார்கள். பல நாடு சுற்றுகிறவர்கள், அதிக நாள் எங்கே தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. 2025 ஒக்டோபரிலிருந்து எல்லையில் விரல் அடையாளமும் முகப்படமும் பதியும் புது முறை தொடங்கியிருக்கிறது. திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

போர்த்துக்கலின் நேரம் லண்டன் நேரம்தான். பக்கத்து ஸ்பெயினிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ வருபவர்கள் கைக்கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ள வேண்டும்.

நகருக்குள் வருவது

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ உண்டு. ஊதா நிற வழி, திரிந்தாதே நிலையத்துக்கு ஏறக்குறைய அரை மணி. எல்லா வழிகளும் கூடும் நிலையம் அதுதான், அங்கே மாறிக்கொள்ளலாம்.

சீட்டு என்பது 'அந்தாந்தே' என்ற நீலத் தாள் அட்டை. இயந்திரத்தில் வாங்கி, எத்தனை வலயம் என்று தெரிந்து காசு ஏற்ற வேண்டும். விமான நிலையத்துக்கு நாலு வலயம், நகரத்துக்குள் இரண்டு. ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒன்றை இரண்டு பேர் பாவிக்க முடியாது. இன்னொன்று, புதிதாக வருபவர்கள் எல்லாரும் வழுக்கி விழும் இடம்: நிலையங்களில் கதவு கிடையாது, மஞ்சள் தூணில் அட்டையைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். வழி மாறும்போது இரண்டாம் முறையும் தொட வேண்டும். தொடாமல் ஏறினால் சீட்டு வாங்கியிருந்தும் தண்டம்தான்.

லிஸ்பனிலிருந்து ரயிலில் வந்தால் மூன்று மணி நேரமளவு. பெரிய ரயில்கள் கம்பன்யா நிலையத்தோடு நின்றுவிடும். அது நகரின் ஓரம். அங்கே உள்ளூர் ரயில் மாறினால் ஐந்து நிமிடத்தில் சாவோ பென்தோ. இறங்கியவுடனேயே வெளியே ஓடாதீர்கள், அந்த நிலையத்தைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எங்கே தங்குவது

ரிபெய்ரா என்ற ஆற்றங்கரைத் தெருக்கள் படத்தில் அழகு. அங்கே தங்கினால் எல்லாக் காலையும் ஏற்றத்தில் தொடங்கும், எல்லா இரவும் சனச் சத்தத்தில் முடியும். எனவே மேலே தங்குங்கள். அலியாடோஸ் பெருந்தெருவைச் சுற்றியோ, திரிந்தாதே மெட்ரோ பக்கமோ, போல்யாவோ சந்தை அருகிலோ எடுத்தால் மெட்ரோ கிட்ட, கடை கிட்ட, ஆற்றுக்கு இறக்கம். விலை குறைய வேண்டுமென்றால் மஞ்சள் வழியில் காயா பக்கம் இரண்டு மூன்று நிறுத்தம் தள்ளிப் பாருங்கள்.

பதிவு செய்யுமுன் வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி: லிஃப்ட் இருக்கிறதா? எத்தனையாவது மாடி? பழைய நகரத்து வீடுகள் ஒடுக்கமும் உயரமுமானவை. நாலாம் மாடிக்கு மரப்படியில் ஏறுவது அங்கே சாதாரணம். அவர்கள் 'முதலாம் மாடி' என்பது எங்கள் கணக்கிலும் முதலாம் மாடிதான், நிலத்தளம் தனி. ஆளுக்கு ஓர் இரவுக்குச் சில யூரோ நகர வரி தனியாகக் கேட்பார்கள், அது ஏமாற்று இல்லை.

சப்பாத்து

அடிப்பகுதி தேய்ந்த சப்பாத்து வேண்டாம், குதியுயர்ந்தது வேண்டவே வேண்டாம். தெருக்கல் பல நூறு வருடம் நடந்து மெருகேறியது.

சப்பாத்து என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அது அவர்களின் சொல்தான், 'சப்பாத்து' என்று அங்கே ஒரு கடையில் கேட்டால் சரியான இடத்தைக் காட்டுவார்கள். யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. அவர்கள் போனபின் எஞ்சியவற்றில் பாதி எங்கள் வீட்டுக்குள் கிடக்கிறது: கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல், குசினி, பாண். தமிழ்நாட்டாருக்கு ஜன்னலும் சாவியும் ஏலமும். உச்சரிப்பு இழுபட்டிருக்கும், என்றாலும் போர்த்தோவில் காலையில் பேக்கரிக்குப் போய் 'பாவ்ங்' என்று மூக்கால் சொன்னால் பாண் வரும். நன்றிக்கு ஆண்கள் 'ஒப்ரிகாது', பெண்கள் 'ஒப்ரிகாதா'. சொல்கிறவரின் பால்தான் கணக்கு, கேட்கிறவருடையது இல்லை. காலை வணக்கத்துக்கு 'போங் தியா'. ஸ்பானிய மொழியில் பேசி அசத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். விளங்கும், ஆனால் முகம் சுருங்கும்.

முதல் நாள்: இறங்கிக்கொண்டே போகும் வழி

காலை ஒன்பது மணிக்கு அலியாடோஸில் தொடங்குங்கள். மேற்கே சற்று நடந்தால் கார்மோ தேவாலயம். பக்கச் சுவர் முழுக்க நீலவெள்ளை ஓடு, அசுலேஜோ என்பார்கள். அதற்கும் பக்கத்துக் கார்மெலித்தா தேவாலயத்துக்கும் நடுவே ஒரு மீட்டரளவு அகலத்தில் ஒரு வீடு செருகப்பட்டிருக்கிறது. பார்க்காமல் கடந்துபோவது மிகச் சுலபம்.

அருகில்தான் 1906இல் திறந்த லெல்லோ புத்தகக்கடை. உள்ளே நடுவில் வளைந்தேறும் சிவப்புப் படிக்கட்டு. நுழையக் காசு, இணையத்தில் நேரம் குறித்து வாங்க வேண்டும். புத்தகம் வாங்கினால் அந்தக் காசைக் கழித்துக்கொள்வார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் படம் பிடிக்கிறவர்கள் நடுவே நின்று ஒரு புத்தகத்தின் முதுகைக்கூட வாசிக்க முடியவில்லை. புத்தகப் பிரியர்கள் நாளின் முதல் நேரத்தை எடுங்கள், மற்றவர்கள் வெளிமுகத்தைப் பார்த்துவிட்டு நடக்கலாம்.

அடுத்து கிளெரிகோஸ் கோபுரம். 1763இல் முடிந்தது, உயரம் 75 மீட்டர். கட்டிய நிக்கோலா நசோனி இத்தாலிக்காரர், இந்த ஊருக்கு வந்து இங்கேயே தங்கி, கோபுரத்தை ஒட்டித் தான் கட்டிய தேவாலயத்திலேயே புதைக்கப்பட்டார். இருநூறுக்கு மேற்பட்ட படி, ஒடுக்கம். முழங்கால் நோ உள்ளவர்கள் விட்டுவிடலாம், இதைவிட நல்ல காட்சி மாலையில் படியேறாமலே கிடைக்கப் போகிறது.

அங்கிருந்து இறக்கத்தில் சாவோ பென்தோ ரயில் நிலையம். ஒரு காலத்தில் பெனடிக்ட் சபைக் கன்னியர் மடம் இருந்த இடம். 1916இல் திறந்தார்கள். வாசல் மண்டபத்துச் சுவரில் ஜோர்ஜ் கொலாசோ வரைந்த சுமார் 20,000 ஓடுகள். போர்க்களம், அரசரின் நகர்வலம், உச்சியில் வண்ணப்பட்டையாக வண்டிகளின் வரலாறு. எல்லாரும் நீலத்தைப் பெரிதாகப் பார்ப்பார்கள். நீங்கள் கிராமத்துக் காட்சிகளை, திராட்சை அறுப்பையும் நீர்மில்லையும் தேடிப் பாருங்கள். பின்னால் ரயில்கள் வந்து போய்க்கொண்டிருக்கும். டிக்கெட் வேண்டாம், கட்டணம் இல்லை.

தெருவைக் கடந்து சிறு ஏற்றம். மேலே சே என்ற பேராலயம், 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. கோட்டை மாதிரித் தடித்த சுவர். முற்றத்தில் நின்று கீழே பார்த்தால் செம்மண் ஓட்டுக் கூரைகள் ஆறுவரை படிபடியாக இறங்கும். நீங்களும் அதே வழிதான். பேராலயத்தின் பக்கமாகப் பாரேதோ என்ற பகுதிக்குள் படிகள் இறங்குகின்றன. கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும் ஒழுங்கைகள், மேலே கொடியில் உடுப்பு காயும். இங்கே இன்னும் குடியிருக்கிறார்கள். வாசலில் இருக்கும் கிழவிமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வழி தவறினாலும் கவலை வேண்டாம், இறங்கிக்கொண்டே இருந்தால் எல்லாப் படியும் ஆற்றில்தான் முடியும்.

இப்படி வந்து சேர்வது ரிபெய்ரா. 1996இல் உலக மரபுச்சின்னமானது இந்தப் பழைய நகரம், பாலத்தையும் எதிர்மலை மடத்தையும் சேர்த்து. கரையில் கொட்டியிருக்கும் சாப்பாட்டுக் கடைகளில் உட்காராதீர்கள். காட்சிக்கும் சேர்த்து விலை வைப்பார்கள், சமையலுக்கு அந்த அக்கறை இல்லை. கரையோடு பாலத்தை நோக்கி நடக்கும்போது சுவரில் ஒரு வெண்கலப் பலகையும் அதன்முன் எரியும் மெழுகுதிரிகளும் தென்படும். 1809 மார்ச் 29 அன்று நெப்போலியனின் படை நகருக்குள் புகுந்தபோது சனம் அக்கரைக்குத் தப்ப ஓடியது. அப்போது இருந்தது படகுகளைக் கோத்த மிதவைப் பாலம். பாரத்தில் அது விலக, ஆறு ஆட்களை விழுங்கியது. இருநூறு வருடம் தாண்டியும் யாரோ ஒருவர் வந்து திரி கொளுத்திவிட்டுப் போகிறார்.

பாலமும் அக்கரையும்

தொம் லூயிஸ் பாலம் 1886இல் திறந்தது. இரும்பு வளைவின் நீளம் 172 மீட்டர், மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு தளம். ஈஃபெல் கட்டினார் என்று வழிகாட்டிகள் சிலர் அடித்துச் சொல்வார்கள். கட்டியவர் தெயோஃபில் செய்ரிக், ஈஃபெலின் பழைய பங்காளி. சற்று மேற்புறம் ஆற்றைக் கடக்கும் 1877ஆம் ஆண்டு மரியா பியா ரயில் பாலம்தான் ஈஃபெல் நிறுவனம் செய்தது. அதிலும் செய்ரிக்கின் கை இருந்தது. பிறகு பிரிந்துபோய், அடுத்த பாலத்தில் பழைய பங்காளியையே வென்றார். பங்காளிச் சண்டையில் ஒரு ஊருக்கு இரண்டு நல்ல பாலம் கிடைத்தது.

கீழ்த்தளத்தால் நடந்து காயாவுக்குப் போங்கள். அங்கே கரையில் கட்டியிருக்கும் தட்டையான மரப்படகுகள் ரபேலோ. மேல்நாட்டுத் தோட்டத்திலிருந்து வைன் பீப்பாய்களை இவைதான் சுமந்துவந்தன. அந்தப் பீப்பாயை அவர்கள் 'பீப்பா' என்கிறார்கள், எங்கள் சொல்லின் தாய். டோரோப் பீப்பா சுமார் 550 லிட்டர் கொள்ளும்.

போர்ட் வைன் எப்படி இனிக்கிறது என்பதைக் கிடங்கில் சொல்வார்கள், சுருக்கம் இது: திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போது நடுவிலே திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுகிறார்கள். புளிக்கவைக்கும் ஈஸ்ட் சாகிறது, சீனி மிஞ்சுகிறது, மதுச்சாரம் ஏறக்குறைய 20 சதவீதத்தில் நிற்கிறது. சாதாரண வைன் போலக் கிண்ணம் நிறையக் குடித்தால் பாலத்தைத் திரும்பக் கடப்பது சிரமம். மரத்தில் நெடுநாள் கிடந்து மண்ணிறமானது டோனி, நிறமும் பழச்சுவையும் குறையாதது ரூபி. முதல்முறை குடிப்பவர்களுக்கு பத்து வருட டோனியை நான் சொல்வேன். இந்த வைன் விளையும் நிலத்தை 1756இலேயே எல்லை கட்டிச் சட்டம் போட்டார் பொம்பால் என்ற அமைச்சர். 1986 வரை போர்ட் வைனை ஏற்றுமதி செய்ய வேண்டுமென்றால் காயாக் கிடங்கு வழியாகத்தான் போக வேண்டும் என்று விதி இருந்தது. இத்தனை கிடங்கும் இந்த ஒரு கரையில் குவிந்ததற்கு அதுவும் காரணம்.

கரையோரப் பெரிய கிடங்குகளுக்கு முன்பதிவு செய்யுங்கள். ஒன்று போதும், இரண்டாவது கிடங்கில் அதே கதையைத்தான் கேட்பீர்கள். குடிக்காதவர்கள் இந்த நேரத்தை ஆற்றின் ஆறு பாலங்களையும் சுற்றிவரும் படகுக்குக் கொடுக்கலாம். ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான பயணம். ஆற்றிலிருந்து பார்த்தால்தான் நகரத்தின் உயரம் விளங்கும்.

வெயில் சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது கரையிலிருந்து கம்பிவண்டி (கேபிள் கார்) ஏறுங்கள். ஐந்து நிமிடத்தில் மேல்தளத்தின் அருகே, ஜார்திங் தோ மோரோ என்ற பூங்காவில் விடும். அதற்கும் மேலே, வட்டவடிவத் தேவாலயம் கொண்ட சேர்ரா தோ பிலார் மடத்து முற்றம். போர்த்தோ முழுதும் எதிரே பொன்னிறமாகும். பிறகு பாலத்தின் மேல்தளத்தால் நடந்து வாருங்கள். அதில் மெட்ரோவும் ஓடும், நடப்பவர்களுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வேலி இல்லை, மணிச்சத்தம் கேட்டால் ஒதுங்க வேண்டும். சிறுபிள்ளையின் கையை விடாதீர்கள். மறுபுறம் வந்து சேர்வது பேராலயத்து உயரம், அங்கிருந்து அறைக்குச் சில நிமிடம். காலையிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தீர்கள், ஏறின மாதிரியே இல்லை.

காற்று பலமென்றால் கம்பிவண்டி நிற்கும். அப்போது கீழ்த்தளத்தால் திரும்பி வந்து, போர்த்தோக் கரையில் பாலத்தடியில் இருக்கும் குயிந்தாய்ஸ் இழுவை ரயிலில் ஏறினால் அதுவும் மேட்டில்தான் விடும்.

சாப்பாடு

போர்த்தோக்காரருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் திரிப்பெய்ரோஸ், குடல்தின்னிகள். 1415இல் வட ஆப்பிரிக்காவின் செயுத்தாவைப் பிடிக்கப் புறப்பட்ட கப்பல்களுக்கு இறைச்சியெல்லாம் கொடுத்துவிட்டுக் குடலை வைத்துச் சமாளித்தார்கள் என்பது கதை. அந்தப் படையெடுப்பில் போன இளவரசர் ஹென்றி இந்த ஊரில் 1394இல் பிறந்தவர். கதை மெய்யோ பொய்யோ, வெள்ளை அவரை போட்டுச் சமைத்த குடல்கறி இன்றும் மதியச் சாப்பாட்டில் உண்டு. ஆட்டுக்குடல் பிரட்டல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் தயங்க வேண்டியதில்லை, மிளகாய்த்தூளை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எங்கள் பக்கம் மிளகாயைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் தங்கள் குசினியில் அதைத் தொடுவதே குறைவு. 'பிரி பிரி' என்று கேட்டால் ஒரு காரச் சாறு தருவார்கள்.

ஃபிரான்செசின்யா என்பது பாணுக்கு நடுவே மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சி வகைகளும் அடுக்கி, சீஸ் மூடி, பியர் சேர்ந்த குழம்பை மேலே ஊற்றித் தருவது. இருவருக்கு ஒன்று எடுங்கள். பக்கல்யாவ் உப்பிட்டுக் காயவைத்த கொட் மீன், நீரில் ஊறவைத்துச் சமைப்பது. கருவாட்டுக்காரர்களுக்கு முதல் வாயிலேயே உறவு தெரியும்.

சைவக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று: கல்டோ வெர்தே என்ற கீரைச்சூப் பார்வைக்குச் சைவம், ஆனால் அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். 'செங் கார்ன், செங் பெய்ஷ்', அதாவது இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முட்டை, சீஸ், சோளப் பாண், தக்காளிச் சோறு, அவரைச் சோறு என்று சமாளிக்கலாம். தனிச் சைவக் கடைகளும் நடு நகரத்தில் இருக்கின்றன. போல்யாவோ சந்தை 1914இல் கட்டி, நெடுநாள் திருத்தி 2022இல் மறுபடி திறந்தது. பழம், ஒலிவ், சீஸ் வாங்கி அங்கேயே பசியாறலாம். ஞாயிறு மூடியிருக்கும்.

கடையில் உட்கார்ந்ததும் நீங்கள் கேளாமலே பாணும் ஒலிவும் வெண்ணெயும் வரும். உபசாரம் என்று நினைக்காதீர்கள், தொட்டால் கணக்கில் ஏறும். வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்வது மரியாதைக் குறைவில்லை. மதியம் 'ப்ராத்து து தியா' என்று பலகையில் எழுதியிருப்பது அன்றைய சாப்பாடு, சூப்போ பானமோ சேர்ந்து மலிவாக வரும். 'மெய்யா தோஸ்' என்றால் அரைப் பங்கு, பெரும்பாலும் ஓர் ஆளுக்குத் தாராளம். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைப்பது கடினம். கறுப்புக் கோப்பி வேண்டுமென்றால் போர்த்தோவின் பழைய சொல் 'சிம்பலினோ', ஒரு கோப்பி இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்தது. பால் சேர்த்தது 'மெய்யா தெ லெய்த்'. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

இரண்டாம் நாள்: ஆறு முடியும் இடம்

இன்றைக்குச் சரிவு கிடையாது. சாவோ ஃபிரான்சிஸ்கோ தேவாலயத்தடியில் 1ஆம் இலக்கப் பழைய டிராம் புறப்படும். வெளியே கருங்கல்லாய் வரண்டு நிற்கும் அந்தத் தேவாலயத்தின் உட்புறம் முழுக்கத் தங்கம் பூசிய மரச்செதுக்கல். டிராமுக்கு முன்னோ பின்னோ அதற்கு அரை மணி கொடுங்கள். டிராம் ஆட்டம் போட்டு மெல்லப் போகும், சீட்டு விலை கூட. வரிசை நீளமென்றால் அதே ஆற்றோர வழியில் 500ஆம் இலக்க பஸ் ஓடுகிறது. மேல்தட்டு முன் இருக்கை கிடைத்தால் டிராமைவிட அதுதான் சுகம் என்பது என் கட்சி.

வழியில் தலைக்கு மேலே அர்ராபிதா பாலம் போகும். 1963இல் திறந்தபோது உலகின் நீளமான கொங்கிரீட் வளைவு அது, 270 மீட்டர். அதைத் தாண்டினால் ஃபோஸ், சொல்லின் பொருளே ஆற்றுமுகம். கலங்கரை விளக்கு மேடைக்குப் போகலாம், ஆனால் கடல் கொந்தளிக்கும் நாளில் போகவே கூடாது, அலை மேடையைத் தாண்டி அடிக்கும். இந்த ஆற்றுவாயில் மணல்திட்டும் பாறையும் கப்பல்களுக்கு எமன். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சற்று வடக்கே லெய்ஷோயின்ஸ் என்ற செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள். கப்பல்கள் அங்கே போக, பழைய துறை சுற்றுலாவுக்கு மிஞ்சியது.

அதே பஸ்ஸில் மத்தோசின்யோஸ் வரை போனால் மீன்பிடி ஊர். தெருவோரம் கரியடுப்பில் மீன் சுடுவார்கள், புகையைப் பின்தொடர்ந்தால் மதியச் சாப்பாடு. மீன் நிறுத்து விற்கும் கடையில் எடையும் விலையும் முன்கூட்டிக் கேளுங்கள். திரும்ப நீல மெட்ரோ.

மூன்றாம் நாள்

விடியற்காலை எழும்ப முடியுமென்றால் டோரோ ரயில். சாவோ பென்தோவிலிருந்தோ கம்பன்யாவிலிருந்தோ பின்யாவோ என்ற ஊர் வரை இரண்டரை மணி நேரமளவு. போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். முதல் ஒரு மணி சாதாரண ஊர்கள். பிறகு ஆறு யன்னலுக்குக் கீழேயே வந்துவிடும், இரு கரையிலும் படிப்படியாக வெட்டிய திராட்சைத் தோட்டம். இன்று அணைகளால் ஆறு குளம்போலக் கிடக்கிறது. முன்பு அப்படியில்லை. 1861இல், இந்த ஆற்றை வரைபடமாக்கிய ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்ற வைன் வணிகரே வலெய்ரா நீர்வீச்சில் படகு கவிழ்ந்து மாண்டார். அதே படகில் இருந்த தோனா அந்தோனியா ஃபெரெய்ரா பிழைத்தார். அவருடைய அகன்ற பாவாடை மிதவையானது என்று ஊர் சொல்லும். நாளுக்குச் சில ரயில்களே உண்டு, பாதை வேலை நடந்தால் பஸ் மாற்றுவார்கள். திரும்பும் ரயில் நேரத்தை முதல்நாளே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஜூலை, ஓகஸ்டில் அந்தப் பள்ளத்தாக்கு 40 பாகையைத் தொடும், அப்போது போகாதீர்கள்.

எழும்ப மனமில்லாதவர்கள் பொல்சா மாளிகையின் அரபு மண்டபத்தைப் பார்க்கலாம், வழிகாட்டியோடு மட்டும் விடுவார்கள். அல்லது சேர்ரால்வெஸ் பூங்காவில் ஒரு முழுக் காலை.

காசும் பையும்

அட்டை அநேகமாக எங்கும் செல்லும். சிறிய சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொஞ்சம் தாள் காசு வையுங்கள். 'முல்திபாங்கோ' என்று எழுதிய இயந்திரத்தில் எடுங்கள். உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கவா என்று எந்த இயந்திரம் கேட்டாலும் வேண்டாம் என்று யூரோவை அழுத்துங்கள், மாற்று விலையில் வெட்டுவார்கள். டிராமிலும் பாலத்திலும் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112. லண்டனிலிருந்து போகிறவர்கள் மின்செருகி மாற்றி எடுத்துப் போக வேண்டும், அங்கே இரு வட்டக்குச்சிச் செருகி.

கடைசி நாள் அறையை மதியத்துக்கு முன் விடச் சொல்வார்கள், பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போக இடம் கேளுங்கள். கைப்பெட்டியோடு மட்டும் பறப்பவர்கள் காயாவில் போர்ட் போத்தல் வாங்க வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் பறித்துவிடுவார்கள். உள்ளே போனபின் விமான நிலையக் கடையில் வாங்கலாம். பெரிய பெட்டி போடுகிறவர்கள் போத்தலைக் காலுறைக்குள் திணித்து, உடுப்புக்கு நடுவில் வையுங்கள். பெட்டி மேட்டில் இருந்தால் மெட்ரோ வரை சக்கரத்திலேயே தள்ளிக்கொண்டு போகலாம்.